பக்கத்தில் இருந்தும் நடந்துவிடுகிறது: குழந்தைகளை ஆபத்திலிருந்து காக்கப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவள் என் காலடியில்தான் இருந்தாள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இரண்டு துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் வாளிக்குள் தலை, வெளியே இரண்டு கால். சத்தம் இல்லை, அழுகை இல்லை, தண்ணீர் தெறித்த ஓசைகூட இல்லை. வாளியில் இருந்தது ஒரு சாண் தண்ணீர். தூக்கியதும் இருமினாள், அப்புறம் வீறிட்டு அழுதாள், அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. திரும்பத் திரும்ப யோசித்ததில் ஒன்று உறைத்தது. நான் அசட்டையாக இல்லை, போன் பார்த்துக்கொண்டும் இல்லை, பக்கத்திலேயே இருந்தேன், ஆனாலும் நடந்துவிட்டது. அந்த வாளியை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தால் நான் பார்த்தேனா இல்லையா என்ற கேள்வியே வந்திருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை. எல்லாப் பெற்றோரும் கவனமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எந்த மனிதராலும் நாள் முழுக்கக் கண் கொட்டாமல் பார்க்க முடியாது. நாம் அசரும் அந்த அரை நிமிடத்திலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதபடி பொருளையும் இடத்தையும் பழக்கத்தையும் முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும், அதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன். பிள்ளை வளர்ந்து நம் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போகத் தொடங்கும்போது பூட்டும் தடுப்பும் உதவாது. அப்போது அவர்களைக் காப்பது, என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற தைரியம். அதையும் சிறு வயதிலிருந்தே கட்ட வேண்டும், எப்படி என்று பின்பாதியில் வருகிறேன்.

படி 1: தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

முதல் வேலைக்குக் காசு செலவில்லை. குழந்தையின் உயரத்துக்கு இறங்கி, தவழ்ந்தபடி ஒவ்வோர் அறையாகப் போங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத பலதும் அப்போது தெரியும்: மேசையிலிருந்து தொங்கும் விரிப்பின் நுனி, இழுத்தால் தலையில் விழும் இஸ்திரிப் பெட்டியின் வயர், கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை, திரைச்சீலையின் கயிறு. கயிறு சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் ஜன்னல் மறைப்புகளில் வளையமாகத் தொங்கும் கயிறு கழுத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அதுவும் சத்தமில்லாமல். வளையத்தை வெட்டி, நுனியைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.

பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசையாக மூன்று கேள்வி கேளுங்கள். இதை வீட்டிலிருந்தே அகற்ற முடியுமா? முடியாவிட்டால் பூட்டி வைக்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால் மட்டும், பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? நாம் பெரும்பாலும் மூன்றாவதில்தான் தொடங்குகிறோம். "தொடாதே" என்று நூறு முறை சொல்கிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல் புரியும், ஆனால் கையை நிறுத்தும் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது.

படி 2: தண்ணீர்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. இதைப் படிக்கும்போது ஆறும் கடலும்தான் நம் கண் முன் வரும். தவழும் குழந்தைக்கு வாளியே போதும். அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை மிகவும் கனம். எட்டிப் பார்க்கும்போது தலை முன்னே சாய்ந்துவிட்டால் தன் கையால் உந்தி மேலே வர வலு இருக்காது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர், அதாவது ஐந்து சென்டிமீட்டர்கூட ஆபத்துதான்.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? அதனால் "சத்தம் கேட்டால் ஓடிப் போகலாம்" என்று அடுத்த அறையில் இருப்பதில் பயனில்லை.

செய்ய வேண்டியவை எளிது. வேலை முடிந்ததும் வாளியையும் தொட்டியையும் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கிணறு, தொட்டி, கழிவுக் குழி எதுவானாலும் குழந்தையால் தூக்க முடியாத கனத்தில் மூடி வேண்டும். நீச்சல் குளம் இருந்தால் நான்கு பக்கமும் வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும், வீட்டுச் சுவரையே ஒரு பக்க வேலியாகக் கணக்கில் எடுக்காதீர்கள், ஏனென்றால் குழந்தை வீட்டுக்குள்ளிருந்துதான் வெளியே போகும். விருந்து, கூட்டம் என்று பத்துப் பெரியவர்கள் தண்ணீர்ப் பக்கம் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். "அடுத்த கால் மணி நேரம் நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வெளியே எடுத்த குழந்தைக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவதும், சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம், நேரம்தான் போகும். உடனே வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, நெஞ்சை அமுக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும், கூட இருப்பவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் ஊரில் முதலுதவிப் பயிற்சி நடந்தால் ஒரு நாள் ஒதுக்கி, தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 3: சூடு

குழந்தையின் தோல் மெல்லியது, நமக்குச் சுள்ளென்று இருக்கும் சூடு அவர்களுக்குத் தோலை உரித்துவிடும். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவர் தோலையே சில நொடிகளில் ஆழமாகப் பொசுக்கிவிடும். வாட்டர் ஹீட்டரை 50 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி அன்றோடு தீர்ந்தது. குளிப்பாட்டும்போது முதலில் குளிர்ந்த நீர், அப்புறம் வெந்நீர், இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், இடையில் யாராவது கூப்பிட்டாலும் வெறும் கொதிநீர் உள்ள பாத்திரம் அங்கே இருக்காது. அடுப்பில் பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்கட்டும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சூடாக எதையும் குடிக்க வேண்டாம், ஆற்றிக்கொண்டிருக்கும் பானம் கால் மணி நேரம் கழித்தும் சுடும்.

சுட்டுவிட்டால்: ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம், ஏனென்றால் அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிடமே அரை மணி மாதிரி தோன்றும். மேலே துணி இருந்தால் ஒட்டிக்கொள்ளாத வரை கழற்றிவிடுங்கள், வளையல் மோதிரத்தையும் வீக்கம் வருமுன் எடுத்துவிடுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள்.

படி 4: வாய்க்குள் போகிறவை

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள், நிறைய வீடுகளில் தெரியாமல் இருப்பது இதுதான்.

ரிமோட், சமையலறைத் தராசு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார் சாவி, மினுக்கும் பொம்மை இவற்றிலெல்லாம் வட்டமான, நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கசிய வேண்டிய அவசியமே இல்லை. ஈரமான திசுவைத் தொட்டதும் மின்னோட்டம் ஓடி, பேட்டரியின் எதிர்மின்முனை (மைனஸ்) பக்கம் காரம் உருவாகி, இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை ஆழமாக அரித்துவிடும். இருபது மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரிதான் மிக மோசம், குழந்தையின் உணவுக்குழாயில் அது கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடுகிறது. தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும், கடிகாரத்தை ஓட்ட முடியாத அளவு மின்சாரமே திசுவைச் சுட்டுவிடும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே கதைதான்.

முதலில் குழந்தை நன்றாக இருப்பது போலவே தெரியலாம். அப்புறம் எச்சில் வழியும், சாப்பிட மறுக்கும், இருமும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். சளி என்று நினைத்து நாள் கடத்திவிடக்கூடும். நாணயம் விழுங்கியதாகத் தோன்றினாலும் பேட்டரியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு உடனே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், படத்தில் பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி பன்னிரண்டு மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடி நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடாது.

இன்றே வீட்டைச் சுற்றி வந்து, திருகாணி இல்லாமல் விரல் நகத்தால் திறக்கும் பேட்டரி மூடி எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அவற்றைப் பலமான டேப்பால் ஒட்டுங்கள் அல்லது வீட்டை விட்டே அகற்றுங்கள். பழைய பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றிய பிறகே கழியுங்கள். சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் இப்படித்தான், இரண்டு விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலில் ஓட்டை போட்டுவிடும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பொம்மை தேவையே இல்லை என்பது என் கருத்து.

மூச்சுக்குழாயில் சிக்குவது வேறு விஷயம். முழுத் திராட்சை, கொட்டைகள், கெட்டி மிட்டாய், உடைந்த பலூன் துண்டு, நாணயம். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் போதாது, நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், வட்டமாக இருந்தால் குழாயை முழுசாக அடைத்துவிடும். சாப்பிடும்போது குழந்தை உட்கார்ந்திருக்கட்டும், ஓடிக்கொண்டோ காரில் படுத்துக்கொண்டோ வேண்டாம்.

சிக்கிவிட்டால், இருமுகிற குழந்தையை இரும விடுங்கள், இருமலைவிட நல்ல மருந்து இல்லை. இருமல் நின்று, குரல் வராமல், முகம் நீலம் பாய்ந்தால் நாம் இறங்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தால் ஐந்து அமுக்கு. மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் பின்னால் நின்று கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அமுக்கு. பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

மருந்தும் விஷமும். மண்ணெண்ணெயையோ கழிவறை திரவத்தையோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மாத்திரையை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். குழந்தை திறக்க முடியாத மூடி என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும் மூடி மட்டுமே. பூட்டும் அலமாரியில், உயரத்தில் வையுங்கள். நாம் மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு: வீட்டுக்கு வருகிறவர்களின் கைப்பை. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், பையைத் தரையில் வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார்கள். வந்ததும் வாங்கி உயரத்தில் மாட்டுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரை சத்து மாத்திரைதானே என்று எண்ண வேண்டாம், அளவு மீறினால் சிறு குழந்தையின் உயிரையே எடுக்கும். பாராசிட்டமால் அதிகமாகக் குடித்த குழந்தை முதல் நாள் முழுக்கச் சாதாரணமாகவே இருக்கலாம், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும், அதனால் "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று காத்திருக்க வேண்டாம். எதைக் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல், அந்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். நாலைந்து வயதுப் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டு, அடி விழும் என்று பயந்து சொல்லாமல் மறைத்தால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். "எதை வாயில் போட்டாலும் உடனே சொல், திட்ட மாட்டேன்" என்று நான் வாரம் ஒரு முறையாவது சொல்வேன். ஒரு நாள் வந்து சொன்னாள், விழுங்கியது பொம்மையின் சிறு மணி. உள்ளே நடுங்கினாலும் முதலில் "சொன்னதற்கு நல்லது கண்ணு" என்றுதான் சொன்னேன்.

படி 5: விழுவதும் தூங்குவதும்

ஜன்னல், பால்கனிக் கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கொசுவலை கொசுவைத்தான் நிறுத்தும், சாயும் குழந்தையை நிறுத்தாது. ஜன்னலுக்கு அடியில் கட்டில், நாற்காலி, பெட்டி எதுவும் வேண்டாம். டிவியையும் இழுப்பறை அலமாரியையும் சுவரோடு திருகிவிடுங்கள், இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் வயது ஒன்று வரும். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் குழந்தையை உட்கார வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அது நடக்கக் கற்றுத்தருவதும் இல்லை, படிக்கட்டில் உருட்டிவிடுவதும் உண்டு. கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

கைக்குழந்தை தூங்கும்போது மல்லாக்க, சமமான கெட்டி மெத்தையில், தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். 1990களில் பல நாடுகள் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பிரச்சாரம் செய்த பிறகு காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நாமும் கண்ணயர்வது மிக ஆபத்தானது. அசதியாக இருந்தால் அப்போதே குழந்தையைப் படுக்கையில் விட்டுவிடுங்கள்.

படி 6: வண்டியும் சாலையும்

மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது பொய்யான தைரியம். மோதும் நொடியில் பத்துக் கிலோ குழந்தையின் விசை பல மடங்காகும், எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. வயதுக்கும் எடைக்கும் பொருந்தும் கார் சீட், சின்னக் குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்த்தபடி, பின் இருக்கையில். ஸ்வீடனில் நான்கு வயது வரைகூடப் பின்னோக்கி உட்கார வைப்பார்கள், குழந்தையின் கழுத்தும் கனத்த தலையும் அப்போதுதான் ஒன்றாகத் தாங்கப்படும். இயங்கும் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி வரை ஏறும், ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் வராது. தூங்கும் குழந்தையைப் பின் இருக்கையில் மறந்துபோவது மோசமான பெற்றோருக்கு மட்டும் நடப்பதில்லை, வழக்கம் மாறிய ஒரு நாளில் யாருக்கும் நடக்கும். அதனால் கைப்பையையோ ஒரு செருப்பையோ பின் இருக்கையில் போட்டுவிடுங்கள், இறங்கும்போது அதை எடுக்கத் திரும்பினால் குழந்தை கண்ணில் படும். வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள், குழந்தை உங்களை வழியனுப்ப ஓடி வந்து டயருக்குப் பக்கத்தில் நிற்கக்கூடும்.

சாலையைத் தனியே கடப்பதற்கு ஒன்பது, பத்து வயதுக்கு முன் அவசரப்பட வேண்டாம், வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் மெதுவாகத்தான் வருகிறது.

படி 7: உடம்பைப் பற்றிய பேச்சு

இதுவரை சொன்னது பொருட்களால் வரும் தீங்கு. மனிதர்களால் வரும் தீங்கைப் பேசத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை. முகம் தெரியாதவனிடம் பேசாதே என்று சொல்லிக்கொடுத்து அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் குழந்தைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். அவர்கள் மிரட்டிக்கொண்டு வருவதில்லை. பரிசு கொடுத்து, செல்லம் கொடுத்து, மெல்லத் தனியாக இருக்கும் நேரத்தை உண்டாக்கி, அப்புறம் "இது நமக்குள் ரகசியம்" என்பார்கள். அந்த வழியில் நாம் வைக்கக்கூடிய தடைகள் சில இருக்கின்றன.

மூன்று வயதுக்குள் உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள், கண், மூக்கு போலவே. பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைக் குழந்தையால் எப்படிச் சொல்ல முடியும்?

வீட்டில் ரகசியம் கிடையாது என்று ஒரு விதி வையுங்கள். ஆச்சரியம் உண்டு, பிறந்தநாள் பரிசு மாதிரி, அது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "அம்மாவிடம் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அது இனிப்புக் கொடுத்த விஷயமாக இருந்தாலும், உடனே வந்து சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை நான்கு வயதுக் குழந்தை அழகாகப் புரிந்துகொள்ளும்.

கட்டிப்பிடிக்கவோ முத்தம் கொடுக்கவோ குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சொந்தக்காரர் வருத்தப்படுவார் என்பது எனக்கும் தெரியும், "கை குலுக்கிக்கொள்ளட்டும் சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பிடிக்காத தொடுதலை மறுத்தால் வீட்டார் தன் பக்கம் நிற்பார்கள் என்பதைக் குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அப்பாவே மறுப்பை மதிக்காத வீட்டில் வெளியாளிடம் எப்படி மறுக்கும்?

அப்புறம், ஏதாவது நடந்து குழந்தை வந்து சொல்லும் நாள். அன்று நம் முகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "அவரா? இருக்காது", "நீ ஏன் அங்கே போனாய்?", "அப்போதே ஏன் சொல்லவில்லை?" இந்த மூன்றையும் மறந்தும் கேட்காதீர்கள். "நீ சொல்வதை நம்புகிறேன். சொன்னது நல்லது. தப்பு உன்மேல் இல்லை." இதை மட்டும் சொல்லி, கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், நாம் எடுத்துக்கொடுக்கும் சொற்கள் பிற்பாடு விசாரணையில் குழந்தையின் வாக்குமூலத்தையே சிக்கலாக்கும். குழந்தை சொன்னதை அதே சொற்களில், நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அந்த ஆளிடம் நீங்களே போய்க் கேட்கவும் வேண்டாம், சுதாரித்துக்கொள்வான். காவல்துறை, உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண், மருத்துவர், இந்த வழியாகப் போங்கள்.

சொல்லாத குழந்தையும் உண்டு. திடீரென்று ஒருவரோடு தனியாக இருக்க மறுப்பது, நின்றிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, வயதுக்கு மீறிய சொற்கள், உட்காரும்போது வலி. இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனாலும் விசாரியுங்கள்.

படி 8: போன்

பூங்காவுக்குத் தனியே அனுப்பப் பயப்படும் நாம் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்கும் பிள்ளை பத்திரமாக இருப்பதாக நினைக்கிறோம். விளையாட்டுச் செயலியில் அறிமுகமாகி, "வேறு ஆப்புக்கு வா, அங்கே பேசலாம்" என்று அழைப்பதுதான் வழக்கமான முதல் அடி. அப்புறம் வயது, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்ற கேள்வி, பிறகு ஒரு படம். படம் கைக்குப் போனதும் பணம் கேட்டு மிரட்டல், இதில் பதின்ம வயதுப் பையன்களும் நிறையச் சிக்குகிறார்கள். இந்த வரிசையை அப்படியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், தெரிந்த பிள்ளை முதல் அடியிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்.

போன்கள் இரவில் படுக்கையறைக்குள் வேண்டாம், ஹாலில் சார்ஜ் ஆகட்டும், நம்முடையதும்தான். விளையாட்டில் அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்பும் வசதியை அணைத்து வையுங்கள். திருட்டுத்தனமாகப் பிள்ளையின் போனை உளவு பார்ப்பதை நான் விரும்பவில்லை, பார்ப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுப் பாருங்கள். கண்டுபிடித்த நாளிலிருந்து பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும், நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து, பிளாக் செய்து, செயலியிலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த நிர்வாணப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை, படத்தின் எண் அடையாளம் மட்டும் நம் கருவியிலேயே உருவாகிப் போகும், இதில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், போனைப் பிடுங்கித் தண்டிக்காமல் இருப்பது. போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மிரட்டலைத் தனியே சுமக்கிறார்கள், அப்படிச் சுமந்து உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

படி 9: நம் கை

எழுதக் கஷ்டமாக இருந்தாலும் இதை விட்டுவிட முடியாது. கைக்குழந்தையின் அழுகை பிறந்த ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், எதைச் செய்தாலும் நிற்காது, யார் மேலும் தப்பில்லை. தூக்கம் கெட்ட அந்த நாட்களில் ஆத்திரத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் சில நொடிகளில் மூளைக்குள் ரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போய்விடக்கூடும். பொறுமை தீர்கிறது என்று தோன்றும் கணத்தில் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அழட்டும். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. யாரையாவது போனில் கூப்பிடுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், முக்கியமாக அப்பாக்களுக்கு.

பெரிய பிள்ளைகளை அடிப்பதும் இங்கேதான் வரும். ஸ்வீடன் 1979இல் வீட்டில் அடிப்பதையும் சட்டப்படி தடை செய்த முதல் நாடானது, அதற்குப் பிறகு பல நாடுகள் அந்த வழியில் வந்துவிட்டன. எனக்கு அதில் சட்டத்தைவிட நடைமுறைக் காரணமே பெரிது. மணியை விழுங்கியதும், யாரோ தொட்டதும், போனில் மிரட்டல் வந்ததும், எல்லாமே பிள்ளை நம்மிடம் வந்து சொன்னால்தான் தெரியும். அடி வாங்கும் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன் அடியைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கும்.

படி 10: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் தரையில்

குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும், நாம் செய்த ஏற்பாடு அப்படியே நிற்கும். நான்காம் மாதத்தில் புரளாத குழந்தை ஐந்தாம் மாதத்தில் கட்டிலிலிருந்து உருளும். போன மாதம் எட்டாத மேசை இந்த மாதம் எட்டும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்து வைத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள், தாத்தா பாட்டி வீட்டிலும், பிள்ளை அடிக்கடி தங்கும் வேறு வீடுகளிலும் ஒரு சுற்று பாருங்கள். அவசர எண், மருத்துவர் எண், வீட்டு முகவரி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். ஐந்து வயதானதும் உங்கள் போன் எண்ணைப் பாட்டு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வையுங்கள். கூட்டத்துக்குப் போகும் நாளில் கிளம்பும் முன் பிள்ளையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் அங்கேயே நிற்க வேண்டும், கேட்பதானால் குழந்தைகளோடு இருக்கும் ஓர் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "அம்மா கூட்டிவரச் சொன்னார்" என்று யார் வந்தாலும் கேட்பதற்கு வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன முறை தரையில் உட்கார்ந்து சுற்றி வந்தபோது அவளும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடவே வந்தாள். தம்பியின் கட்டிலுக்கு மேலே நான் மாட்டியிருந்த படச் சட்டம் ஒரே ஆணியில் ஆடிக்கொண்டிருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.